3 வருசம் படித்த வயலினை விடலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, இதே நிலைமையில் வேறு பலரும் இருக்கிறார்கள். அதனால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு களுவாஞ்சிகுடியில், வேலை மட்டக்களப்பு ரவுனில். 30 வயதில் வயலின் தொடங்கினீர்கள், இப்போது 33. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி கல்லடிக்கு வகுப்புக்குப் போகிறீர்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் இரண்டாம் தரம் சித்தி. இந்த வருசம் மூன்றாம் தரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறா ரீச்சர். ஆனால் தொடக்க உருப்படியான கீதம் வாசித்தால் இன்னமும் கீச்சென்றுதான் வருகிறது. கூடத் தொடங்கிய 12 வயதுப் பிள்ளை அதைவிடக் கடினமான வர்ணத்துக்குப் போய்விட்டாள். அம்மாவோ "இந்த வயசில ஏன் இந்தக் கரைச்சல்" என்கிறா. விட்டால் 3 வருசமும் வீண், விடாவிட்டால் இன்னும் எத்தனை வருசமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் இதுதான்: வயலினை விட வேண்டாம். இந்த வருசப் பரீட்சையை விடுங்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. "என்ட காந்தாரம் எப்பவும் கொஞ்சம் இறங்கித்தான் நிற்குது" என்று எழுதியிருந்தீர்கள். ஸ ரி க ம-வில் வரும் க-தான் காந்தாரம். அது நிற்க வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது என்பதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல செய்தி. தன் காந்தாரம் இறங்குவது தனக்கே கேட்கிறது என்றால் காது வேலை செய்கிறது. கை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நான் வயலின் சொல்லிக்கொடுக்கும் இத்தனை காலத்தில், காது வந்து கை வராதவர்கள் மெல்ல மெல்ல வாசிக்க வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். கை வேகமாக ஓடி, காது வராமல் நிற்பவர்களைத் திருத்துவதுதான் பெரும்பாடு.

பெரியவர்களுக்கு இந்தக் கருவி ஏன் இவ்வளவு மனவருத்தம் தருகிறது என்றால் அதுவும் இதனால்தான். 30 வருசமாக நல்ல வயலினைக் கோயிலிலும் கச்சேரியிலும் வானொலியிலும் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. அது ஒரு சின்னப் பிசகையும் விடாது. 12 வயதுப் பிள்ளைக்குத் தன் சத்தம் அவ்வளவு கேட்காது. அடுத்த வரிசை எப்போது வரும் என்பதுதான் அவளுக்கு அவசரம். அவளுக்குப் பள்ளிக்கூடத்திலும் சங்கீதம் ஒரு பாடமாக இருக்கும், பின்னேரம் முழுக்க நேரமும் இருக்கும். அவளோடு உங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அவள் வர்ணம் வாசிப்பது உங்கள் வில்லைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கீச்சுச் சத்தத்துக்கு வருவோம். இதை விளங்கிக்கொள்ளாமல்தான் அதிகம் பேர் "எனக்குத் திறமை இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வில் தந்தியைத் தேய்க்கிறது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் ரோசின் என்ற பிசின் பூசிய மயிர் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, ஓர் அளவுக்கு மேல் தந்தி நழுவித் திரும்புகிறது, மயிர் மறுபடி பிடிக்கிறது. 5 கட்டைச் சுருதியில் (மேல்நாட்டு முறையில் G) நடு ஸட்ஜத்தை, அதாவது நடு ஸ-வை, வாசிக்கும்போது இந்தப் பிடித்தலும் விடுதலும் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 392 தடவை ஒழுங்காக நடக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தந்தியின் இந்த அசைவைக் கண்டு விளக்கினார். கையின் பாரம் கூடி வில்லின் வேகம் குறைந்தால் தந்திக்கு நழுவ இடமில்லாமல் கரகரக்கும். பாரம் குறைந்து வேகம் கூடினால் பிடி கிடைக்காமல் விசிலடிக்கும். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரைக்குக் கிட்டப் போகப் போகப் பாரம் கூடவும் வேகம் குறையவும் வேண்டும். விரற்பலகைப் பக்கம் வந்தால் அதற்கு மாறாக. ஆக பாரம், வேகம், இடம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்போதுதான் நாதம் பிறக்கும். வீணையில் மீட்டினால் முதல் நாளே ஒரு நல்ல ஒலி வந்துவிடும். அதற்கு 24 மெட்டுகளும் இருக்கின்றன, ஸ்வரத்தின் இடத்தைக் காட்ட. வயலினில் இரண்டு வசதியும் இல்லை. முதல் சில வருசம் சத்தம் கரடுமுரடாக இருப்பது இந்தக் கருவியின் இயல்பு.

ஆனால் 3 வருசத்துக்குப் பிறகும் எல்லாத் தந்தியிலும், எல்லா நாளும் கீச்சென்று வருகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வயலின்மேல். தொடக்கக்காரருக்கு என்று விற்கப்படும் வயலின்களில் பல, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வாசிக்கிற நிலையில் இருப்பதில்லை. அதோடு நம் ஊர்க் காலநிலை வேறு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரியில் மரம் ஈரம் குடித்து, தந்தியை முறுக்கும் பிருடைகள் இறுகிவிடும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே மரம் காய்ந்து பிருடை வழுக்கும், சுருதி நிற்காது. வழுக்கினால் பிருடையைக் கழற்றி வெண்கட்டியைக் கொஞ்சம் தேய்த்துப் போடுங்கள். இறுகினால் காய்ந்த சவர்க்காரத்தைத் தொட்டும் தொடாமலும் தேய்க்கலாம். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வயலினின் பாகங்களை ஒட்டும் பசை சூட்டில் இளகிப் பொருத்து வாய் திறந்துவிடும். விரல் மடக்கி ஓரம் நெடுகத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறி அதிர்ந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது.

குதிரையையும் பாருங்கள். எஃப் எழுத்து வடிவில் இருக்கும் இரண்டு துவாரங்களிலும் நடுவில் உள்பக்கமாக ஒரு சின்ன வெட்டு இருக்கும். அந்த இரண்டு வெட்டுகளுக்கும் நேராகக் குதிரையின் கால்கள் நிற்க வேண்டும். சுருதி கூட்டக் கூட்டக் குதிரை விரற்பலகைப் பக்கம் சாயும். தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் வால்பட்டியைப் பார்த்த பக்கம் பலகைக்குச் செங்குத்தாக இருக்கும்படி இரண்டு கையாலும் மெதுவாக நிமிர்த்த வேண்டும். அடுத்தது தந்தியின் உயரம். விரற்பலகை முடியும் இடத்தில் தடித்த தந்தி 5 முதல் 5.5 மில்லிமீற்றர், மெல்லிய தந்தி 3 முதல் 3.5 மில்லிமீற்றர் அளவில் நின்றால் போதும். மலிவான வயலின்களில் இதைவிட நிறைய உயர்ந்து நிற்கும். அப்போது விரலை அமுக்கவே பலம் தேவைப்படும், அமுக்குகிற அமுக்கிலேயே ஸ்வரம் விலகும், இடது மணிக்கட்டும் வலிக்கும். குதிரையைச் சீவி இறக்குவது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் கத்தி வைக்காதீர்கள்.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலையும் ஒரேயடியாகக் கழற்றினால் உள்ளே நிற்கும் சின்ன மரத்தூண் விழுந்துவிடலாம். அது விழுந்தால் நாதம் செத்துவிடும். அந்த நிலையில் தந்தியை முறுக்கினால் மேற்பலகையே அமிழ்ந்து போகும்.

ரீச்சர் உங்களுக்கு எந்தச் சுருதி வைத்திருக்கிறா என்று நீங்கள் எழுதவில்லை. நம் முறையில் தந்திகளை ஸ ப ஸ ப என்று கூட்டுகிறோம். 5 கட்டையில் கூட்டினால் கீழ் இரண்டு தந்தியும் மேல்நாட்டு முறைச் சுருதியிலேயே நிற்கும், மேல் இரண்டும் ஒவ்வொரு முழுச் சுரம் இறங்கும். அது தந்திக்கு வசதியான இழுவை. அதே தந்திகளை 1 கட்டைச் சுருதிக்கு (C) இறக்கினால் தொய்ந்து போய் வில்லுக்குப் பிடியே கொடுக்காது. அந்தக் கரகரப்புக்கு நீங்கள் பொறுப்பில்லை.

இதையெல்லாம் நீங்களே சோதிக்கத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை ரீச்சரிடம் "என்ட வயலின்ல நீங்க ஒரு அலங்காரம் வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். அவ வாசித்தும் கீச்சென்றால் பிழை கருவியில். அவ கையில் நாதம் வந்தால் பிழை வில் பிடிப்பில், அதைத் திருத்தலாம். இரண்டுமே உங்களுக்கு நல்ல செய்திதான். கருவியைப் பற்றி மேலும் விசாரிக்க வேண்டுமென்றால் கல்லடியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வயலினைத் தொழிலாகவே வைத்திருப்பவர்கள் அந்தச் சுற்றாடலில் நடமாடுகிறார்கள். யாரிடம் குதிரை சீவலாம், எந்தத் தந்தி நம் சூட்டுக்கு நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, கருவி நன்றாக இருக்கிறது, அப்படியும் ஸ்வரம் நிற்கவில்லை என்று வைப்போம். ஒரு சோதனை சொல்கிறேன். போனில் தம்புரா போட்டு, வயலினைத் தொடாமல், தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையின் ஆரோகணத்தை (ஏறுவரிசையை) வாயால் பாடுங்கள். காந்தாரத்தில் நின்று கேளுங்கள். பாட்டில் காந்தாரம் சேர்ந்து, வயலினில் மட்டும் இறங்கினால் அது விரலின் பழக்கம். ஸட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் (இந்த ராகத்தின் ரி) ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தூரம்தான். காந்தாரத்துக்கு அங்கிருந்து விரலை நன்றாக நீட்ட வேண்டும், பழகாத கை அந்த நீட்டுக்குச் சோம்பல்படும். அதனால்தான் இறங்குகிறது, உங்களுக்கு மட்டுமில்லை. பாட்டிலேயே காந்தாரம் தளர்ந்தால் கொஞ்ச நாளைக்கு வயலின் பயிற்சியில் பாதி நேரத்தைப் பாடுவதற்குக் கொடுங்கள். பாட வராத ஸ்வரத்தை விரல் தேடிக் கண்டுபிடிக்காது.

தொடக்கத்தில் எல்லாரையும் இந்த ராகத்தில் போடுவதற்கு வயலினைப் பொறுத்தவரை ஓர் அழகான காரணம் உண்டு. ஸ தந்தியில் ரி க ம விழும் அதே இடங்களில்தான் ப தந்தியில் த நி ஸ விழுகின்றன. ஒரு பாதியைச் சரிப்படுத்தினால் மறுபாதி தானாகச் சரியாகும். காந்தாரத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் நிஷாதமும் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சையை ஏன் விடச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அந்தப் பரீட்சைமேல் எனக்கு மரியாதை உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பிள்ளைகள் ஒழுங்காகப் படித்ததற்கும், கலாவித்தகர் பட்டம் வரை போய் ஆசிரியராக வந்ததற்கும் அது ஒரு காரணம். ஆனால் செய்முறையும் அறிமுறையும் உள்ள பரீட்சைக்கு வேலைக்குப் போகிற ஒருவர் ஆயத்தப்படும்போது என்ன நடக்கிறது? இருக்கிற அரை மணித்தியாலமும் அடுத்த உருப்படியைப் பாடமாக்குவதிலேயே போய்விடுகிறது. நீட்டு வில்லுக்கு நேரமில்லை. இறங்கிய காந்தாரத்தோடு முதலாம் தரம், அதே காந்தாரத்தோடு இரண்டாம் தரம், இனி மூன்றாம் தரம். பாடத்திட்டம் முன்னால் போகிறது, நாதம் பின்னால் நிற்கிறது. உங்கள் மனம் சோர்ந்ததற்கு இதுதான் முதற்காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் ஆசிரியர் நியமனத்துக்காகப் படிக்கவில்லை. ஒரு வருசம் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை.

அந்த ஒரு வருசத்தில் என்ன செய்வது? நாளுக்கு 25 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். அதற்கு மேல் வேண்டாம், வேலையால் வந்து களைத்த கையோடு ஒரு மணித்தியாலம் இழுப்பதில் பிழைதான் பழகும். முதல் 10 நிமிடம் தம்புராவோடு வெறும் தந்தியில் நீட்டு வில், ஒரு வில்லுக்கு எட்டு எண்ணிக்கை. கண்ணாடி முன்னால் இருந்து பாருங்கள், வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று. அடுத்த 10 நிமிடம் ஒரே ஒரு அலங்காரம் (ஸ்வரப் பயிற்சி), முதலாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் மட்டும், ஒவ்வொரு ஸ்வரத்தையும் பாடிவிட்டு வாசிப்பது. மிச்ச 5 நிமிடம் உங்களுக்குப் பிடித்ததை வாசியுங்கள். கிழமைக்கு ஒரு தடவை போனில் பதிந்து வையுங்கள், அன்றைக்கே கேட்காதீர்கள். ஒரு மாதம் கழித்து நாலையும் வரிசையாகக் கேளுங்கள். நாளாந்தம் தெரியாத முன்னேற்றம் அப்போதுதான் காதில் விழும்.

பிடித்தது என்றேன் இல்லையா, அதற்கும் ஒன்று சொல்கிறேன். சுந்தரர் திருவெண்ணெய்நல்லூரில் பாடிய முதல் பதிகத்தின் பண் இந்தளம். அதை இன்றைக்கு மாயாமாளவகௌளையில் பாடுகிறார்கள், நாதநாமக்கிரியையில் பாடுவதும் உண்டு. இரண்டுக்கும் ஸ்வரங்கள் நீங்கள் 3 வருசமாகப் பழகிய அதே ஸ்வரங்கள். அதாவது உங்கள் விரலுக்கு ஏற்கெனவே தெரிந்த இடங்களிலேயே ஒரு முழுத் தேவாரம் இருக்கிறது. அதை எடுத்து வாசியுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் மார்கழியில் திருவெம்பாவை பாடும்போது பக்கத்தில் இருந்து மெதுவாகக் கூட வாசிக்கலாம். கர்நாடக இசைக்குள் வயலின் வந்ததே பாட்டுக்குத் துணையாகத்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு இசைக்காரர் ஒருவரிடம் படித்து நம் இசைக்குக் கொண்டுவந்த கருவி இது. தனிக் கச்சேரி செய்பவர்கள் மிகச் சிலர். பாடுகிறவருக்குப் பின்னால் சேர்ந்து போகிற வாசிப்பும் முழுமையான வாசிப்புத்தான், அதற்கு வர்ணம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால்தான் வரும் என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அதற்கு மூலமான ஆய்வு 1993இல் வெளியானது, பேர்லின் இசைக்கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றியது. அவர்களில் முதல்நிலையில் இருந்தவர்கள் 20 வயதாகும்போது சராசரியாக அந்தளவு தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்பதுதான் கணக்கு. உலக மேடைக்குப் போகிறவர்களின் அளவு அது. நாளுக்கு அரை மணித்தியாலம் பழகும் ஒருவருக்கு அந்தக் கணக்கு முடிய 50 வருசத்துக்கு மேல் ஆகும். உங்களுக்கு அது எதற்கு? அதே ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்த முதல்நிலை மாணவர்கள் பயிற்சியைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள், இடையில் ஓய்வெடுத்தார்கள், பகலில் தூங்கவும் செய்தார்கள்.

அம்மாவின் வயசுப் பேச்சுக்கு நீண்ட பதில் வேண்டாம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. யாழைப் பற்றிய அவரது பேராராய்ச்சி நாற்பதுகளில் வளர்ந்து, 1947இல், 55ஆவது வயதில் யாழ்நூலாக அரங்கேறியது. இந்த மண்ணில் பிறந்த அம்மாவுக்கு அவரைத் தெரியாமல் இராது.

3 வருசம் வீணாகிவிடுமே என்ற கவலைக்காக மட்டும் தொடராதீர்கள். அந்த 3 வருசமும் உங்களுக்கு ஒரு காதைத் தந்துவிட்டது, விட்டாலும் அது போகாது. இனி வரப்போகும் நேரத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. விரல் நுனி மரத்துப் போவது, கழுத்திலோ மணிக்கட்டிலோ ஓய்வெடுத்தும் போகாத வலி என்று இருந்தால் வாசிப்பதை உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். இருந்து வாசிக்கும்போது வயலினின் தலை வலது கணுக்காலில் நன்றாகத் தங்காவிட்டால் முழுப் பாரமும் இடது கைக்கு வரும், வலிக்கு அது ஒரு காரணமாகலாம். மற்றது மனம். கருவியைச் சரிபார்த்து, பரீட்சை இல்லாமல், நான் சொன்னபடி மூன்று நாலு மாதம் பழகிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வகுப்பு இல்லை என்று செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் மனம் ஆறுதல்பட்டால், பெட்டியைத் திறக்கவே கை வராவிட்டால், தாராளமாக விடுங்கள். குற்ற உணர்வே வேண்டாம். அந்தக் காதோடு வாய்ப்பாட்டுக்குப் போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு தாதி இரவுக் கடமையோடு வயலினை இழுத்துப் பிடிக்க முடியாமல் பண்ணிசைக்கு மாறினா, இன்றைக்கு அவ பாடுவதைக் கேட்க ஆசையாக இருக்கும். தாளத்தில்தான் மனம் போகிறது என்றால் நம் பக்கத்தில் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது, மத்தளம் பழக்கும் அண்ணாவிமாரும் இருக்கிறார்கள். ஆனால் நல்லாய் வாசிக்கிற இரவில் நேரம் போவதே தெரியாது என்றும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதுகிறவர் விட வேண்டிய ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரீச்சரிடம் பரீட்சை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம் வரும். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "படிக்க விருப்பம் இல்லாமல் இல்ல ரீச்சர், இந்த வருசம் வில்லையும் சுருதியையும் மட்டும் திருத்தித் தாங்க, அடுத்த வருசம் எழுதுறன்" என்று கேட்டால் கோபிக்கும் ஆசிரியரை நான் கண்டதில்லை. பதிலுக்கு அவ அடுத்த சனிக்கிழமை உங்களை அரை மணித்தியாலம் வெறும் தந்தியிலேயே இருத்தி வைத்தால், சரியான ஆளிடம்தான் படிக்கிறீர்கள்.